யானை விலை, குதிரை விலை: வாசகர் கேள்வி–பதில்

விலையையும் மதிப்பையும் ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது, எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று டெல்டா வாசகர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில். நம் நெல்லுக்கும் நிலத்துக்கும் விலையை முடிவு செய்யும் ஆணைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அந்தச் சொற்களின் கனம் தெரியாமல் எந்தக் காகிதத்திலும் நாம் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த அக்கறையில் சில பதில்கள் நீண்டுவிட்டன.

காஸ்ட், பிரைஸ், வேல்யூ, வொர்த்... அகராதியைப் புரட்டினால் விலை, மதிப்பு என்றே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. என்னதான் வித்தியாசம்?
— கல்லூரி மாணவி, நீடாமங்கலம்

அகராதியை மூடிவிட்டு உங்கள் ஊர் நெல் வியாபாரியிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். ‘உங்களுக்கு அடக்கம் எவ்வளவு?’ என்றால் அது காஸ்ட். ‘என்ன விலை சொல்றீங்க?’ என்றால் பிரைஸ். ‘அந்த விலை பெறுமா?’ என்றால் வொர்த். ‘எங்க அப்பா வச்ச மரம், கொடுக்க மனசில்லை’ என்றால் அது வேல்யூ.

அடக்கத்துக்கும் விலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு பெயர்ப்பலகையே சாட்சி. 1965 ஜனவரியில், பொருளாதார அறிஞர் எம்.எல்.தந்த்வாலா தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ‘அக்ரிகல்ச்சுரல் பிரைசஸ் கமிஷன்’ என்று பெயர். 1985இல்தான் அது ‘கமிஷன் ஃபார் அக்ரிகல்ச்சுரல் காஸ்ட்ஸ் அண்ட் பிரைசஸ்’ ஆனது. விவசாயியின் செலவு அந்தப் பலகையில் ஏற இருபது வருஷம் பிடித்தது.

‘காஸ்ட்லி ரேட்’ என்றேன். பேத்தி சிரிக்கிறாள். தப்பா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், பாபநாசம்

தப்புதான் ஐயா. பொருள்தான் காஸ்ட்லி, எக்ஸ்பென்சிவ், சீப். விலை என்றால் ஹை, லோ, இவ்வளவுதான். ‘தி ரேட் இஸ் ஹை’ என்று சொல்லிப் பாருங்கள், பேத்தி தலையாட்டுவாள்.

‘இந்த விலைக்குக் கட்டுப்படியாகலை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல?
— விவசாயி, திருத்துறைப்பூண்டி

டீக்கடையில் வெளியூர்க்காரரிடம் சொல்வதானால், ‘இட் டஸ்ன்ட் பே’. அழகான, சின்ன வாக்கியம். போட்ட காசாவது திரும்பினால் போதும் என்ற நிலைக்கு ‘வி ஜஸ்ட் பிரேக் ஈவன்’. அதுவும் இல்லையென்றால் ‘வி கான்ட் ஈவன் பிரேக் ஈவன்’.

மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் ‘நாட் ரெமுனரேடிவ்’ என்று எழுதுங்கள். ‘ரெமுனரேடிவ் பிரைஸ்’ என்பது அரசின் சொந்த ஆவணங்களில் புழங்கும் சொல். அவர்கள் சொல்லை அவர்களிடமே வைத்தால், தள்ளிவிட்டுப் போவது கொஞ்சம் கடினம். ‘லாபம் இல்லை’ என்று பொதுவாக எழுதாமல், ஏக்கருக்கு நடவு இவ்வளவு, உரம் இவ்வளவு, அறுவடை மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று அடக்கத்தை வரிசையாகப் போட்டு, கடைசியில் அந்தச் சொல்லை வையுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் வயலில் இறங்கி வேலை பார்க்கிறோம். அரசாங்கம் சொல்லும் நெல் விலையில் எங்கள் உழைப்புக்குக் கூலி சேர்ந்திருக்கிறதா? ஏ2, எஃப்எல், சி2 என்று மகன் ஏதோ சொல்கிறான், புரியவில்லை.
— பெண் விவசாயி, வலங்கைமான்

சேர்ந்திருக்கிறது அம்மா, ஆனால் பாதிக் கதைதான். முழுவதும் சொல்கிறேன்.

ஏ2 என்பது உங்கள் கையை விட்டுப் போன செலவு. விதை, உரம், மருந்து, ஆள் கூலி, டீசல், குத்தகை நிலமானால் குத்தகை. எஃப்எல் என்பது ஃபேமிலி லேபர்: நீங்களும் அவரும் இறங்கிப் பார்த்த வேலை. அதற்கு யாரும் உங்களுக்குக் காசு தரவில்லை. வெளியாள் வைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கில் ஏற்றுகிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் ‘இம்ப்யூடட் வேல்யூ’ என்று பெயர். கைமாறாத பணத்துக்கு வைக்கும் மதிப்பு அது.

சி2 அதற்கும் மேலே. சொந்த நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் வாடகை, சொந்தமாகப் போட்ட முதலுக்கு வட்டி, இரண்டையும் சேர்த்தது சி2.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல் இறுதி அறிக்கை கொடுத்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்கவேண்டும் என்றது. 2018–19 மத்திய பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு தருகிறோம் என்று அறிவித்தார்கள். எந்தச் செலவில் ஒன்றரை மடங்கு? ஏ2, எஃப்எல் இரண்டையும் கூட்டிய தொகையில். 2025–26 பருவத்துக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். அதோடு அதில் பாதியைச் சேர்த்தால் 2,368 ரூபாய் 50 காசு. அறிவித்த விலை 2,369. கணக்கு சரியாக இருக்கிறது.

ஆனால் உங்கள் சொந்த நிலத்தின் வாடகை அதில் இல்லை. விவசாய சங்கங்கள் ‘சி2 பிளஸ் 50’ என்று கேட்பது அதைத்தான். இன்னொன்று, அந்த 1,579 இந்தியா முழுமைக்குமான சராசரி. வலங்கைமானில் நடவாளுக்கு நீங்கள் கொடுக்கும் கூலியும், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் டீசல் மோட்டாருக்குக் கொட்டும் காசும் அந்தச் சராசரிக்குள் கரைந்து போயிருக்கின்றன. அடுத்த முறை கூட்டத்தில் யாராவது ‘ஒன்றரை மடங்கு’ என்றால், ‘எதில்?’ என்று ஒரே சொல்லில் கேளுங்கள்.

‘மினிமம்’ என்று பெயரிலேயே இருக்கிறதே. அப்படியானால் அதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாதுதானே?
— இளம் விவசாயி, ஒரத்தநாடு

அப்படி எந்தச் சட்டமும் இல்லை தம்பி. ‘மினிமம் சப்போர்ட் பிரைஸ்’ என்பது, இந்த விலைக்கு வாங்க நான் தயாராக நிற்கிறேன் என்று அரசு சொல்லும் வாக்கு. வெளி வியாபாரியை அது கட்டாது. கரும்புக்கு நிலைமை வேறு. 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், 2009 முதல் ‘ஃபேர் அண்ட் ரெமுனரேடிவ் பிரைஸ்’ என்ற பெயரில், ஆலைகள் கொடுத்தே ஆகவேண்டிய விலை இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் குருங்குளம் பக்கம் கரும்பு போட்டவருக்குச் சட்டம் துணை. பக்கத்தில் நெல் போட்ட உங்களுக்கு வாக்குறுதி துணை.

அதனால்தான் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையம் எப்போது திறக்கிறது என்பதே உங்களுக்கு உண்மையான விலை. திறந்திருந்தால், 2025–26இல் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து பொது ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545. நிலையம் திறக்கத் தாமதமாகி, களத்தில் கிடக்கும் நெல்மேல் மழை மேகம் திரண்டால், வியாபாரி கேட்பதுதான் விலை.

அப்படி வேறு வழியில்லாமல் விற்பதை ஆங்கிலத்தில் என்ன என்பார்கள்?
— அதே வாசகர்

‘டிஸ்ட்ரெஸ் சேல்’. நாம் அடிமாட்டு விலை என்கிறோம். நம் சொல்லில்தான் வலி கூடுதல்.

மழையில் நனைந்த நெல்லுக்குத் தளர்வு கொடுத்ததாகச் செய்தி வந்தது. கூடவே ‘வேல்யூ கட்’ என்றார்கள். தளர்வு என்றால் சலுகை இல்லையா?
— விவசாயி, தலைஞாயிறு

கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. மழை வருஷத்தில் அதைக் கூட்டித்தரச் சொல்லி மாநில அரசு கேட்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும், ‘ரிலாக்சேஷன்’ என்ற ஆணை வரும். வாங்கிக்கொள்கிறோம் என்பது ரிலாக்சேஷன். ஆனால் இவ்வளவு குறைத்துக்கொண்டுதான் தருவோம் என்பது வேல்யூ கட். சில ஆணைகளில் முதலாவது மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டும். ஆணையில் ‘வித்’ என்று இருக்கிறதா ‘விதவுட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னச் சொல்லில்தான் உங்கள் பணம் நிற்கிறது.

பெயரைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைப் ‘பிரைஸ் கட்’ என்று சொல்லியிருக்கலாம். முளை விட்ட நெல்லின் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதை விளைவித்தவரின் மதிப்பில் எதற்குக் கை வைக்கவேண்டும்?

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கேட்டால், அது ‘சர்வீஸ் சார்ஜ்’தானே?
— பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்

இல்லை. ரசீது உள்ளதுதான் சார்ஜ். ரசீது இல்லாமல் அரசு ஊழியர் கேட்பது லஞ்சம், பேச்சில் ‘பிரைப்’. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ‘அன்டியூ அட்வான்டேஜ்’ என்று பெயர். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதும்போது தேதி, நிலையம், எத்தனை சிப்பம், சிப்பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்றத்துக்கு நாமே நல்ல சட்டை மாட்டிவிட்டதாக ஆகும்.

கலைத்தட்டுக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரர்களிடம் ‘வெரி சீப், சார்’ என்றால் போய்விடுகிறார்கள். ஏன்?
— வியாபாரி, தஞ்சாவூர்

சீப் என்ற சொல் விலையைக் குறைக்கும்போதே தரத்தையும் குறைத்துவிடும். உங்கள் தட்டில் வெள்ளியும் செம்பும் பித்தளையும் இணைந்திருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ‘ரீசனபிள்’ என்று சொல்லுங்கள். எழுதிவைக்கும் அட்டையில் ‘இன்எக்ஸ்பென்சிவ்’ அல்லது ‘அஃபோர்டபிள்’ போடலாம். வாங்குகிறவர் தன் வாயால் ‘தட்ஸ் சீப்!’ என்று மகிழ்ந்தால் மகிழட்டும், விற்கிறவர் சொல்லக் கூடாது. ‘இட்ஸ் எ ஸ்டீல்’ என்று அவர் சொன்னால் போலீஸை நினைத்துப் பயப்படாதீர்கள். கொள்ளை மலிவு என்று பாராட்டுகிறார்.

‘ஃபிக்ஸ்ட் பிரைஸ்’ என்று பலகை வைத்துவிட்டுப் பிறகு குறைக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் வார்த்த நடராஜரைப் பார்த்து ஒருவர் ‘பிரைஸ்லெஸ்’ என்றார், இன்னொருவர் ‘இன்வேல்யுபிள்’ என்றார். விலையும் இல்லை, மதிப்பும் இல்லை என்கிறார்களா?
— ஸ்தபதி, சுவாமிமலை

நேர் எதிர் ஐயா. இரண்டுமே ‘விலை சொல்லி மாளாது’ என்ற பொருளில் வரும் பாராட்டு. மதிப்பே இல்லை என்பதற்கு ‘வொர்த்லெஸ்’, ‘வேல்யூலெஸ்’. ‘பிரைஸ்லெஸ்’ பொருளுக்கும் உயிருக்குயிரான நினைவுக்கும் வரும். ‘இன்வேல்யுபிள்’ பெரும்பாலும் உதவிக்கும் அறிவுக்கும் வரும்: உங்கள் தகப்பனார் சொல்லிக்கொடுத்த மெழுகு வார்ப்பு வேலை இன்வேல்யுபிள்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடு போன சோழர் கால நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் அளவுக்குக் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார். அந்தச் சிலைக்கு டாலரில் விலை போட்டவர்கள் இருந்தார்கள். ஸ்ரீபுரந்தானில் கும்பிட்டு வளர்ந்தவர்களிடம் யாரும் விலை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களால் சொல்லியிருக்க முடியாது. பிரைஸ்லெஸ் என்ற சொல்லின் பொருள் அந்தக் கிராமத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் ரேஷனில் வாங்கும் ‘விலையில்லா அரிசி’யும் பிரைஸ்லெஸ் ரைஸ்தானே?
— பள்ளி மாணவன், கும்பகோணம்

நல்ல கேள்வி தம்பி! இல்லை, அது ‘ஃப்ரீ ரைஸ்’. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூன் முதல் விலையே இல்லாமல் ஆனது. வாங்குகிறவருக்குத்தான் விலை இல்லை. நெல் வாங்கி, அரைத்து, சேமித்து, கடைக்குக் கொண்டுவரும் வரைக்கும் ஆகும் மொத்தச் செலவுக்கு அரசுக் கணக்கில் ‘எகனாமிக் காஸ்ட்’ என்று பெயர். அதற்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளிதான் ‘சப்சிடி’.

யானை விலை, குதிரை விலை விற்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?
— இல்லத்தரசி, மயிலாடுதுறை

‘இட் காஸ்ட்ஸ் அன் ஆர்ம் அண்ட் எ லெக்.’ நாம் யானையைக் கொடுக்கிறோம், அவர்கள் கையையும் காலையும் கொடுக்கிறார்கள். ஏமாற்று வேலை என்றால் ‘ரிப்-ஆஃப்’. பகல் கொள்ளைக்கு அப்படியே ‘டேலைட் ராபரி’. இவையெல்லாம் பேச்சுக்கு. நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதும்போது ‘எக்ஸார்பிடன்ட்’, ‘எக்ஸெசிவ்’, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் ‘அபவ் தி எம்.ஆர்.பி.’. புகார் கடிதத்தில் கையும் காலும் வேண்டாம் அம்மா, எண் போதும்.

குதிரை என்றதும் ஞாபகம் வந்தது. அண்ணன் தன் ஒரு மா நிலத்தை எனக்கு மிகக் குறைந்த விலைக்குக் கிரயம் செய்து தருகிறேன் என்கிறார். பிற்காலத்தில் ‘விலை போதாது’ என்று யாராவது வழக்குப் போட்டால்?
— வாசகர், திருவையாறு

குதிரை உண்மையாகவே சட்டத்தில் இருக்கிறது! 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 25ஆம் பிரிவு. 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவர் 10 ரூபாய்க்கு விற்கச் சம்மதிக்கிறார். மனமொப்பிச் சம்மதித்திருந்தால் ஒப்பந்தம் செல்லும். ‘நான் மனமொப்பிச் சொல்லவில்லை’ என்று அவர் மறுத்தால் மட்டும், அந்தப் பத்து ரூபாயையும் சேர்த்து நீதிமன்றம் யோசிக்கும். அங்கே விலைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘கன்சிடரேஷன்’. நம் பத்திரங்களில் ‘பிரதிபலன்’.

நிலத்துக்கு இன்னொரு வேலி உண்டு. நீங்கள் எழுதும் கிரயத் தொகை அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனாலும், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அந்த மதிப்புக்கே கேட்பார்கள். மறுத்தால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் விசாரணைக்குப் போகும். அண்ணன் பாசத்தில் தருகிறார் என்றால், தான செட்டில்மென்ட் சரியாக வருமா என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள். விலை இல்லாமல் நெருங்கிய உறவுக்குக் கொடுப்பதற்கு அதே 25ஆம் பிரிவு சொல்லும் காரணம் ‘நேச்சுரல் லவ் அண்ட் அஃபெக்ஷன்’. வறண்ட சட்டப் புத்தகத்தில் அன்பு என்ற சொல்லைப் பார்த்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு வந்த நோட்டீஸில் ‘சொலேஷியம்’ என்று ஒரு வரி. வரியா, பிடித்தமா?
— நிலம் கொடுத்தவர், அய்யம்பேட்டை

பயப்படாதீர்கள், அது உங்களுக்கு வரவேண்டிய பணம். விருப்பம் இல்லாமல் நிலத்தை இழப்பவருக்கு ஆறுதலாகக் கொடுக்கும் தொகை. 2013ஆம் ஆண்டு சட்டப்படி இழப்பீட்டுக்குச் சமமாக, அதாவது நூற்றுக்கு நூறு. கிராமப்புற நிலமானால் சந்தை மதிப்பை ஒன்றிலிருந்து இரண்டு வரையுள்ள ஒரு எண்ணால் பெருக்கிய பிறகு இது சேரும். ‘மார்க்கெட் வேல்யூ’ எப்படிப் போட்டார்கள் என்றும் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு ஒன்று. பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில், விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. எது அதிகமோ அதுதான் உங்களுக்கு. பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் நகல் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்ன போர்வெல்காரர், வேலை முடிந்ததும் ஒன்றரை மடங்கு கேட்கிறார். ‘எஸ்டிமேட்தானே கொடுத்தேன்’ என்கிறார்.
— விவசாயி, பட்டுக்கோட்டை

ஆங்கிலத்தில் அவர் தப்பித்துவிட்டார். ‘எஸ்டிமேட்’ குத்துமதிப்பு, ஏறலாம் இறங்கலாம். பேச்சில் ‘பால்பார்க் ஃபிகர்’ என்பார்கள். ‘கொட்டேஷன்’ என்பது இந்த வேலைக்கு இந்த விலை என்று எழுதிக்கொடுப்பது. நீங்கள் ஒப்புக்கொண்டபின் ஏற்ற முடியாது. அடுத்த முறை அடிக்கு எவ்வளவு, குழாய் யாருடையது என்று எழுதிய கொட்டேஷன் கேளுங்கள்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறோமே, அது ‘அண்டர் தி டேபிள்’ ஆகுமா?
— மாட்டுத் தரகர், வேதாரண்யம் பக்கம்

ஐயோ, ஆகாது அண்ணே! அண்டர் தி டேபிள் என்றால் கள்ளக் காசு. உங்களுடையது நாணயமான வியாபாரம், அடுத்தவர் காதுக்குப் போகாத விலை, அவ்வளவுதான். கிட்டத்தட்டச் சொல்வதானால் ‘சீல்டு பிட்’, மூடிய உறையில் போடும் ஒப்பந்தப்புள்ளி மாதிரி.

கூலியை நெல்லாகக் கொடுத்த காலத்தைப் பற்றித் தாத்தா சொல்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் சொல் உண்டா?
— ஆராய்ச்சி மாணவி, திருவாரூர்

‘பேமென்ட் இன் கைண்ட்.’ இங்கே கைண்ட் என்றால் அன்பு அல்ல, பொருள்.

தஞ்சையில் அந்த வழக்கத்துக்குக் கல்லிலேயே கணக்கு இருக்கிறது. 1010இல் ராஜராஜன் எழுப்பி முடித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், முதலாகக் கொடுத்த ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று வருகிறது. சில இடங்களில் அதே வட்டி மூன்று குறுணி நெல்லாக வருகிறது. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்கு. அளந்தது ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால். நெல்தான் அன்று விலையும் அளவும்.

அதே நெல் கூலியில்தான் நம் மண்ணின் ஆறாத காயமும் இருக்கிறது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் பகையாக முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அடுத்த ஆண்டு தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளர்களுக்காக வந்த சட்டத்தின் பெயரில் ‘ஃபேர் வேஜஸ்’ என்ற சொல் இருக்கிறது. நியாயமான கூலி. 2013 நில எடுப்புச் சட்டத்தின் பெயரில் ‘ஃபேர் காம்பென்சேஷன்’. கரும்புக்கு ‘ஃபேர் அண்ட் ரெமுனரேடிவ்’. ரேஷன் கடை ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’. ‘ஃபேர்’ என்ற இந்தச் சொல் சும்மா கிடைப்பதில்லை. யாரோ கேட்டு, யாரோ இழந்த பிறகுதான் அரசிதழில் அச்சாகிறது. உங்கள் ஆய்வேட்டில் ‘ஃபேர்’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், யார் கேட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். நெல்லின் ஆதரவு விலைப் பெயரில் அந்தச் சொல் இன்னும் வரவில்லை என்பதையும் எழுதுங்கள்.

விதை நெல்லுக்குக் காசு வாங்காமல் கொடுப்பதை ‘டொனேஷன்’ எனலாமா?
— இயற்கை விவசாயி, முத்துப்பேட்டை

திரும்ப வாங்காவிட்டால் டொனேஷன். நெல் ஜெயராமன் செய்தது அதைவிட நுட்பமானது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய ரகத்தில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போனவர் மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். காசு இல்லை, கடன் உண்டு, வட்டியும் நெல்லே. ‘சீட் எக்ஸ்சேஞ்ச்’ என்று எழுதுங்கள். மாப்பிள்ளைச் சம்பா இன்று கடைகளில் விலைச்சீட்டோடு நிற்பதற்கு அந்த விலையில்லாத விதைகளும் காரணம்.

மகன் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கியிருந்தார். ‘ஹவ் மச்?’ என்று கேட்டேன். மகன் கையைப் பிடித்து அழுத்தினான்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சீர்காழி

நம் ஊரில் விலை கேட்பது அக்கறை, அங்கே அந்தரங்கம். நெருங்கிப் பழகியபின் ‘ஹவ் மச் டிட் தட் செட் யூ பேக்?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். புதியவரிடம் ‘இட்ஸ் எ லவ்லி கார்’ என்று நிறுத்துங்கள். அவரே விலை சொன்னால் சொல்லட்டும்.

சிங்கப்பூர், துபாய்க்குப் புழுங்கல் அரிசி அனுப்பலாம் என்று முயல்கிறேன். விலைக் கடிதம் எழுத என்னென்ன கவனிக்கவேண்டும்?
— அரிசி ஆலை உரிமையாளர், கூத்தாநல்லூர்

முதலில் லட்சத்தையும் கோடியையும் குவிண்டாலையும் எடுத்துவிடுங்கள். மெட்ரிக் டன்னுக்கு, அமெரிக்க டாலரில் எழுதுங்கள். லட்சம் என்பதை ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்று எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் விலை எந்த இடம் வரைக்கும் என்று சொல்லுங்கள். ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி’ என்றால் கப்பலில் ஏற்றித் தருவது வரை உங்கள் செலவு, பிறகு அவர் செலவு. ‘சி.ஐ.எஃப். சிங்கப்பூர்’ என்றால் சிங்கப்பூர் துறைமுகம் வரைக்கும் கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் உங்கள் தலையில். இதைக் குழப்பினால் லாபம் முழுவதும் கடலில் போகும்.

‘பெஸ்ட் பிரைஸ்’ என்று அவர் கேட்டால் உடனே அடிமட்டத்துக்கு இறங்காதீர்கள். அது பேரத்தின் முதல் வாக்கியம். ‘அவர் பிரைஸ் இஸ் கம்பெடிடிவ்’ என்று மரியாதையாக நில்லுங்கள், அளவு கூடினால் குறைப்பதாகச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் இந்த விலை செல்லும் என்று ‘வேலிட் டில்’ போட்டுத் தேதி எழுதுங்கள். பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை 2023 ஜூலை 20 அன்று மத்திய அரசு ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. 2024 செப்டம்பர் 28 அன்று திறந்தபோது டன்னுக்கு 490 டாலர் என்று ‘மினிமம் எக்ஸ்போர்ட் பிரைஸ்’ வைத்தது. அதையும் ஒரு மாதம் ஆவதற்குள் எடுத்தது. புழுங்கலுக்கும் அந்தக் காலத்தில் ஏற்றுமதி வரி வந்து போயிற்று. ஆகவே ‘சப்ஜெக்ட் டு கவர்ன்மென்ட் ரெகுலேஷன்ஸ்’ என்று ஒரு வரியும் சேருங்கள். தேதியும் இந்த வரியும் இல்லாத விலைக் கடிதத்தை ஆலையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.